ஒன்னே ஒன்ன மாத்திப் பாப்போம்

மூன்று மாதம் நானும் அக்காவும் புதுச்சேரித் தெருக்களில் இரண்டு பிஸ்கட் டப்பாக்களோடு அலைந்தோம். ஒன்று நீலம், மற்றது சிவப்பு. பாரீஸிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போவார்களே, அந்த ரகத் தகர டப்பா. பிஸ்கட் தீர்ந்ததும் அதில் ஊசியும் நூலும் குடியேறிவிடும். அவர் யார் யாரிடமோ கேட்டு வாங்கி, மூடியில் உளி வைத்துத் தட்டி, உண்டியலில் இருப்பது போல ஒரு பிளவு போட்டிருந்தார். நீலத்தில் ‘ஆம்’ என்றும் சிவப்பில் ‘இல்லை’ என்றும் எழுதி ஒட்டியதும் அவர்தான்.

வேலை இதுதான். எதை எல்லாம் பாலியல் தொழில் என்று ஊர் நினைக்கிறது, எதை எல்லாம் அப்படி நினைப்பதில்லை என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வு. மொத்தம் இருபது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணைப் பற்றியோ ஆணைப் பற்றியோ மூன்று நான்கு வரி இருக்கும். படித்துவிட்டு, அது அந்தத் தொழில்தான் என்று தோன்றினால் நீல டப்பாவில் போட வேண்டும். இல்லையென்றால் சிவப்பில். வாயைத் திறக்க வேண்டாம். இந்த விஷயத்தில் வாயைத் திறக்கச் சொன்னால் நம் ஆட்கள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு.

நான் சமூகவியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். அவர் பல வருடம் அந்தத் தொழிலில் இருந்து, அதை விட்டுவிட்டு, ஒரு சுகாதாரத் திட்டத்தில் களப்பணி பார்த்துக்கொண்டிருந்தவர். படித்தவள் ஒருத்தி, விஷயம் தெரிந்தவர் ஒருத்தர் என்று அலுவலகம் ஜோடி சேர்த்தது. முதல் நாள் என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“பாப்பா, நா பன்னெண்டு வருஷம் தொழில்ல இருந்தேன். விட்டு ஒம்போது வருஷம் ஆவுது. எதுனா கேக்கணும்னா இப்பவே கேட்டுடு. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்காத, பள்ளம் தெரியாது.”

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க நூறு இருந்தது. பள்ளத்தைப் பார்த்து ஓட்டினேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. “என்னப் பத்தி எப்பனா எழுதினீன்னா பேர மட்டும் மாத்திடு” என்று சொல்லியிருக்கிறார். பத்துப் பெயர் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அவருக்கு ஒட்டவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் படிக்கிற கண்ணாடி, எந்த வெயிலுக்கும் பிரிக்காத ஒரு குடை. கையெழுத்து மட்டும் அப்படி ஒரு அழகு. ‘ழ’ போட்டால் அதன் வாலைக் கீழே இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த எழுத்துக்கு அடியில் கொண்டுபோய் விடுவார். எங்கள் இருபது அட்டைகளும் அவர் கையெழுத்தில்தான் இருந்தன. அதற்கும் காரணம் உண்டு. அலுவலகம் முதலில் கொடுத்த அச்சடித்த அட்டைகளில் ‘பொருளாதாரப் பயன் கருதிய நெருக்கம்’ என்றெல்லாம் எழுதியிருந்தது. முதல் வீட்டில் அதைப் படித்த பெண்மணி, மகளிர் குழுக் கடன் போலிருக்கிறது என்று நினைத்து ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலமே இவர் இருபது அட்டையையும் மனிதர்கள் பேசுகிற தமிழில் எழுதி முடித்தார்.

அவருடைய வியாதி ஒன்று உண்டு. எதையும் அப்படியே விட மாட்டார். ‘ஒன்னே ஒன்ன மாத்திப் பாப்போம்’ என்பார். சொன்னதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிவிட்டு, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்பார்.

இந்த வியாதி எனக்குத் தெரிந்தது முதல் நாள் மத்தியானம். பாரதி பூங்காவில் மர நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். இது சாப்பாட்டு டப்பா. அவர் நெத்திலி வறுவலை என் பக்கம் நகர்த்தினார். நான், “இன்னைக்கு வெள்ளிக்கிழமைக்கா, நான் சாப்பிட மாட்டேன்” என்றேன். எங்கள் வீட்டில் மீன் வராத வெள்ளிக்கிழமையே கிடையாது.

அவர் முகம் மாறவில்லை. “சரி, ஒன்னே ஒன்ன மாத்திப் பாப்போம். இன்னைக்கு வெள்ளி இல்ல, சனி. இப்ப சாப்புடுவியா?”

“சாப்பிடுவேன்க்கா.”

“அப்பன்னா நாளைக்கும் இதே நெத்திலிதான்.”

மறுநாள் கொண்டுவந்தார். சாப்பிட்டேன். அந்த வெள்ளிக்கிழமைப் பொய்யை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நெத்திலி நன்றாகத்தான் இருந்தது, அதனால் வெட்கம் இரட்டிப்பு.

வீடுகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அலுவலகத்தில் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர். நாங்கள் சார் என்போம். முகத்தில் எதையும் காட்டக் கூடாது, எதிர்க் கேள்வி கேட்கக் கூடாது, தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது, இருபது அட்டையும் எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். இவை அவருடைய நான்கு கட்டளைகள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இருபது அட்டையும் டப்பாவுக்குள் போகும்வரை கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் எது எதில் விழுந்தது என்று குறித்து, படிவத்தை மூடுவேன். அப்போதுதான் அவர் கண்ணாடியை மாட்டி வீட்டுக்காரரிடம் ஆரம்பிப்பார்.

“ஆய்வு முடிஞ்சுது சார். இப்ப நமக்குள்ள ஒரு சந்தேகம்.”

ரெட்டியார்பாளையத்தில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். நான்காம் அட்டையை அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் நீலத்தில் போட்டிருந்தார். கணவனைப் பிரிந்த ஒரு பெண். ஒருவர் வாரம் ஒருமுறை அவள் வீட்டுக்கு வந்து போகிறார். மாதம் பிறந்தால் கையில் பணம் கொடுக்கிறார். இதுதான் நான்காம் அட்டை.

“இதுல என்னம்மா சந்தேகம்? காசு வாங்கறா இல்ல, அப்ப அதுதான்” என்றார் அவர்.

“ஒன்னே ஒன்ன மாத்திப் பாப்போம் சார். கையில காசு குடுக்கல. மளிகை வாங்கிப் போடறாரு.”

“அதுவும் காசுதானே. நீலம்.”

“மளிகை இல்ல. வரும்போது அல்வாவும் மல்லிப்பூவும்.”

“அது...” என்று இழுத்தார். “அது பிரியம். அத இதுல சேக்கக் கூடாது.”

“சரிங்க சார். அல்வா இல்ல. ஒரே ஒரு தடவ ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்தாரு. வேற ஒன்னும் இல்ல. இப்ப?”

அவர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். நீல டப்பாவைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார். பிறகு வெகு சிரத்தையாகக் கேட்டார். “எத்தன கிலோ?”

“ஆறர கிலோ சார்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “முப்பத்திரண்டு வருஷமா நான் கல்லுல தொவைக்கறேன். என்ன எந்த டப்பாவுல போடுவீங்கன்னும் கேட்டுடு பாப்பா.”

நாங்கள் வண்டியை எடுக்கும்போது எழுத்தர் அட்டையில்லாத வெறும் கையை டப்பா இருந்த இடத்தின் மேல் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஊர் முழுக்கச் சந்தேகம் விதைத்துக்கொண்டு போனார் அக்கா. நேரு வீதிப் பக்கம் ஒரு சலூனில் பதினொன்றாம் அட்டை வந்தது. ஒரு இளைஞன் பீச் ரோட்டில் வெளிநாட்டிலிருந்து வரும் வயதான பெண்களோடு பழகுகிறான். அவர்களோடு தங்குகிறான். சாப்பாடு, துணிமணி, பைக் எல்லாம் அவர்கள் செலவு. படித்ததும் கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். “இது தொழில் இல்லக்கா, இது லக்கு” என்று ஒருவன் சிவப்பில் போட்டான். “ஒன்னே ஒன்னு. பையன் இல்ல, பொண்ணு. கிழவி இல்ல, கிழவன்” என்றார் அக்கா. அது இரண்டு என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பாதி மீசையோடு கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு வீட்டில் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்தாறு, பெண்ணுக்கு இருபத்தெட்டு. கல்யாணப் படம் கூடத்தில் பெரிதாக மாட்டியிருந்தது. ஒன்பதாம் அட்டையில், வெளிநாட்டில் குடியேறுவதற்காக ஒரு பெண் ஒருவரோடு சேர்ந்து வாழப் போகிறாள் என்று இருந்தது. அந்த வீட்டம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு நீலத்தில் போட்டார். அக்கா கண்ணாடியை மாட்டினார். நான் படத்தைப் பார்த்தேன், அக்காவையும் பார்த்தேன். இவர் இப்போது தாலி ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்ப்போம் என்று சொன்னால் நாங்கள் டப்பா இல்லாமல்தான் வெளியே வருவோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி கயிற்றில் விட்டார்.

“மாப்ள நல்லா இருக்காரும்மா” என்றார். “காப்பிக்கு ரொம்ப நன்றி.”

வெளியே வந்ததும் ஏன் கேட்கவில்லை என்றேன். “அந்தப் பொண்ணு அங்க குளுருல வேல செஞ்சு இவங்களுக்குப் பணம் அனுப்புது. அதும் படத்துக்கு முன்னாடி நின்னு நா வெளையாடுவேனா?” என்றார். அவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். சாருக்குத்தான் அவர் இப்படிக் கேட்பதே கடைசிவரை தெரியவில்லை.

ஆனால் ஓர் அட்டையிடம் மட்டும் அவருடைய வியாதி வேலை செய்யவில்லை. அதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

பதினேழாம் அட்டை. ‘ஒரு பெண் சில வருடங்களுக்கு முன்பு இந்தத் தொழில் செய்து வாழ்ந்தாள். இப்போது செய்யவில்லை. வேறு வேலைக்குப் போகிறாள். ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள்.’ அவ்வளவுதான். மற்ற அட்டைகளுக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட வீடுகளில்கூட இதற்குச் சண்டை வரவில்லை. படித்த வேகத்தில் நீல டப்பாவில் விழும். ‘இப்போது செய்யவில்லை’ என்ற வரியை யாரும் படித்த மாதிரியே தெரியாது. அக்கா மற்ற அட்டைகளை எல்லாம் வெளியே எடுத்து வம்பு செய்வார். பதினேழை மட்டும் தொட மாட்டார். அது டப்பாவின் அடியிலேயே கிடக்கும்.

‘வீட்டு மாடியில் வாடகைக்கு’ என்பது அலுவலகம் கொடுத்த அட்டையில் இல்லை. இவர் சேர்த்தது. ஒருநாள் கேட்டேன்.

“சொம்மாதான். படிக்கறவங்களுக்கு ஒரு வூடு கண்ணுக்குத் தெரியணும் இல்ல?”

அவர் சாரம் என்ற பகுதியில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்.

அதற்கு முன்னால் நான்கு வீடு மாறியிருக்கிறார். எந்த வீட்டிலும் யாரும் அவரைப் போ என்று சொன்னதில்லை. எப்படியோ விஷயம் காதுக்கு வரும். அடுத்த வாரம் வீட்டுக்காரர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, வீட்டுக்கு வெள்ளையடிக்கணும் என்பார். “நாலு வூட்டுக்கு என்னால வெள்ளையடிச்சிருக்காங்க பாப்பா. முனிசிபாலிட்டில எனக்கு ஒரு மாலை போடலாம்” என்று சொல்லிச் சிரிப்பார். சாரத்து வீட்டில் மட்டும் ஆறு வருடம் ஓடிவிட்டது. அவர் மகள் ஆறாம் வகுப்பில் அந்த வீட்டுக்கு வந்து, அங்கிருந்தே பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். வீட்டுக்காரர்களுக்கு இவர் சுகாதார வேலை பார்க்கும் ஒரு பெண், புருஷன் இல்லை, வாடகை பாக்கி வைப்பதில்லை. அதற்கு மேல் எதுவும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்பதுதான் அவர் உலகத்தில் இருந்த ஒரே பயம். மகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரையாவது அந்த வீட்டில் யாரும் வெள்ளையடிக்கக் கூடாது.

அந்த வீட்டின் எண் எங்கள் பட்டியலில் வந்தது.

குலுக்கிப் போட்டு எடுக்கும் பட்டியல் அது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் டீயை ஆற விட்டார்.

“சார்கிட்ட சொல்லி வேற வீடு வாங்கிடலாம்க்கா” என்றேன்.

“காரணம் எழுதிக் குடுக்கணும். எழுதினா ஃபைல்ல இருக்கும்.” பிறகு வேறு மாதிரிக் குரலில் சொன்னார். “அதுவும் இல்லாம, எனக்குத் தெரியணும் பாப்பா. ஆறு வருஷமா அந்தம்மா கையால கொழம்பு வாங்கித் துன்றேன். பதினேழ எதுல போடுவாங்கன்னு தெரியணும். நீ மட்டும் போ. நா முனையில நிக்கறேன்.”

போனேன். வீட்டுக்காரரைத் தெருவே ‘முசியே’ என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த மரியாதையில் மகனுக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். எழுபது வயதில், இரண்டு படி ஏறினாலே கண்ணைக் கட்டும் மனிதர். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, படிக்கிற கண்ணாடி கிடைக்கவில்லை என்று மனைவியை உட்கார வைத்தார். அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேள்வியைக் கேட்டதும் ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்கெல்லாமா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?” என்று கேட்டுவிட்டு முதல் அட்டையை வாங்கினார்.

மூன்றாம் அட்டையின்போதுதான் நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். மோட்டார் சுவிட்சுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘டேங்க் நிரம்பிக் கீழே வழிகிறது. மோட்டாரை நிறுத்த மறக்காதீர்கள்.’ கீழேயின் ‘ழ’ தன் வாலைச் சுழற்றி அடுத்த எழுத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டிருந்தது. ‘வழிகிறது’ இன்னொரு வால்.

என் கையிலிருந்த அட்டைக் கட்டிலும் அதே வால்கள். முகத்தை மறைக்க முனையில் போய் நின்றவருக்கு, கையெழுத்தை வீட்டுக்குள் அனுப்புகிறோம் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தினமும் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது அச்செழுத்தாகிவிட்டிருந்தது.

நிறுத்த முடியவில்லை. அந்தம்மா ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பத்தாம் அட்டைக்கு மேல் அவர் வேகம் குறைந்த மாதிரி இருந்தது, அல்லது எனக்குத்தான் நேரம் போகவில்லை. பதினேழைக் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். தலையைத் தூக்கி மோட்டார் சுவிட்சைப் பார்த்தார்.

“என்னாச்சு?” என்றார் முசியே.

“ஒன்னுமில்ல. எழுத்து புரியல.”

அட்டையை நீலத்திலும் போடவில்லை, சிவப்பிலும் போடவில்லை. நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அம்மா, அது எங்களுக்குத் திரும்ப வேணும்” என்றேன்.

“அடுத்தது குடு பாப்பா. அடுப்புல வத்தல் கூழு இருக்குது.”

மிச்சம் மூன்றையும் எதையும் பார்க்காமல் சிவப்பில் போட்டுவிட்டு எழுந்து போனார். பத்தொன்பது அட்டைகளோடு வெளியே வந்தேன்.

முனையில் அக்கா பிரிக்காத குடையோடு வெயிலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அருகில் வரவில்லை. நான்தான் போனேன். நடந்ததைச் சொல்லக் கூடாது, வீட்டில் போட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம்.

“சொல்லக் கூடாதுக்கா” என்றேன்.

அவர் வழக்கமான குரலில்தான் கேட்டார், கை மட்டும் குடைக் காம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. “சரி. ஒன்னே ஒன்ன மாத்திப் பாப்போம். இது எங்க ஓனரம்மா இல்ல. யாரோ ஒரு அம்மா. பதினேழ எதுல போட்டாங்க?”

சொல்லிவிட்டேன். கையெழுத்தை, சுவரை, இடுப்பில் செருகியதை, எல்லாவற்றையும். சாரின் கட்டளைகளில் அன்று எதுவும் மிஞ்சவில்லை.

அக்காவிடம் மாற்றிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். “பொண்ணுக்கு அடுத்த வாரம் கெமிஸ்ட்ரி” என்று மட்டும் சொன்னார். பிறகு வீட்டை நோக்கி நடந்தார். நானும் வரட்டுமா என்று கேட்டதற்குக் கையால் வேண்டாம் என்றார். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அவருக்கு ஒரு வீடு போகப் போகிறது, போக வைத்தவள் நான்.

மறுநாள் காலை அவர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். வண்டியில் ஏறவில்லை. முதலில் சொல்லிவிடுகிறேன், பள்ளம் தெரியாது என்றார்.

“நேத்து நேரா உள்ள போவ தைரியம் வரல. சுத்திட்டு சாயங்காலமா வூட்டுக்குப் போறேன், வாசல்ல ஏணி.”

ஏணி என்றால் வெள்ளையடிப்பதுதானே.

“அப்படித்தான் நானும் நெனச்சேன். சரி, இந்தத் தடவ தலையச் சொறியக்கூட நேரமில்லாம ஏணியே வந்துடுச்சுன்னு மேல ஏறினேன். எங்க கதவு தாப்பாள்ல இது செருகியிருந்துச்சு.”

நான்காக மடித்த பதினேழாம் அட்டை. பிரித்தேன். முன்பக்கம் அவர் எழுதியது அப்படியே இருந்தது, ஒரு எழுத்தும் அடிபடவில்லை. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில், கோணல்மாணலாக, அந்தம்மா எழுதியிருந்தார்.

‘காக்கா தொல்லை தாங்கல. ஏணி வெச்சு வத்தல டேங்கு மேல காயப் போட்டிருக்குது. மழை வந்தா நீ ஏறி எடுத்து வை. அவர ஏற வுடாத, கண்ணக் கட்டும். பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் டிவி சத்தமா வெச்சுக்கறோம்.’

“வேற ஒன்னும் சொல்லலையாக்கா?”

“காலையில வாசல் பெருக்கிக்கினு இருந்தாங்க. என்னப் பாத்தாங்க. வத்தலுக்கு உப்பு தூக்கலா போச்சுன்னாங்க.” அவர் கண்ணாடியை மாட்டி அட்டையை இன்னொரு முறை படித்தார், இரண்டு பக்கமும். “ஆறு வருஷமா தெரியுமா, நேத்துத்தான் தெரிஞ்சுச்சான்னு எனக்குக் கேக்கத் தோணல பாப்பா. உப்பு தூக்கலா இருந்தா தயிர் சோத்துக்குத் தொட்டுக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அலுவலகத்தில் சார் அந்த வீட்டுப் படிவத்தைத் தள்ளுபடி செய்தார். அட்டை எந்த டப்பாவிலும் விழவில்லை என்றால் அது விடை இல்லை என்றார். அக்கா அதற்கும் கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினார். பதினேழுக்கு அன்றைக்கே புதிதாக ஓர் அட்டை எழுதினார். பழையதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் கைப்பையின் உள்ளறையில் மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குப் பக்கத்தில் மடித்த அட்டை ஒன்று இருந்தது, அவ்வளவுதான் பார்த்தேன்.

அதே வாரம் ரெட்டியார்பாளையத்துத் தலைமை எழுத்தர் அலுவலகத்துக்குப் போன் செய்து எங்களை வரச் சொல்லியிருந்தார். நான்காம் அட்டையில் தன் விடையை மாற்ற வேண்டுமாம். போனோம். இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். உள்ளே புது வாஷிங் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“நான் யோசிச்சுப் பார்த்தேம்மா” என்று ஆரம்பித்தார். “பொருளா பணமாங்கறது முக்கியமில்ல. நோக்கம் என்னன்னு ஒன்னு இருக்குது. ஆனா நோக்கத்த மட்டும் பார்த்தோம்னா, அப்புறம் இந்த ஊர்ல பாதிக் கல்யாணம்...” என்று சொல்லி, சமையலறைப் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். அட்டை அவர் கையில் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே நின்றது. “நீங்களே சொல்லுங்க. இப்ப இதுல எத மாத்தினா இது அது இல்லன்னு ஆவும்?”

இதற்காகவே பிறந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே, விழுப்புரம் பக்கம், வானம் கருத்துக்கொண்டு வந்தது. முதல் காற்று வந்து எழுத்தரின் இரண்டு பக்கக் குறிப்பைத் தூக்கிக்கொண்டு போனது.

அக்கா எழுந்துவிட்டார். அந்த மூன்று மாதத்தில் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டு அவர் எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

“ஏதாவது ஒன்னுல போடுங்க சார்” என்றார் செருப்பைத் தேடிக்கொண்டே. “பாப்பா, வண்டிய எடு. பள்ளத்த எல்லாம் பாக்காத. வூட்டுல வத்தல் நனையுது.”